ஆர்ச் கேட்டுக்கு இந்தப் பக்கம்

'பக்கத்தில் யாரும் இல்லை' என்றது போன்.

ஷாஹீனுக்குத் திக்கென்றது. நெய்வேலி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் நின்றபடியே திரையை மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பதில்.

உள்ளே அக்கா ஷமா. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, ரத்தப்போக்குதான் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். கைவசம் இருந்த ஒரே பை ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் இன்னொன்று வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா முனவரா போனை எட்டிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் ஆள் புடிச்சுக் குடுக்குற உன் ஆப்பு, உங்க அக்காவுக்கு ஒரு ஆளைக் காட்டாதாடி?"

காட்டாது. காட்டாதபடி செய்து வைத்தவளே ஷாஹீன்தான்.

ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் அந்த ஆப்பை நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். 'பக்கத்தில்' என்றால் எவ்வளவு தூரம் என்று போனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஷாஹீனின் வேலை. முதலில் அவள் கோடு எதுவும் போடவில்லை. அடுப்புச் சூடு மாதிரி தள்ளிப் போகப் போகக் குறையட்டும் என்று விட்டிருந்தாள். கிட்டத்தில் ஆள் கிடைக்காவிட்டால் எட்ட இருப்பவருக்கும் செய்தி போகும்.

அப்படிப் போன ஒரு செய்திக்குத்தான் கொளஞ்சிநாதன் என்பவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் காய்ச்சி எடுத்திருந்தார். 'நெய்வேலியில ரத்தம் வேணும்னா நெல்லிக்குப்பத்துல இருக்கிறவனை எதுக்குக் கூப்பிடுறீங்க? இதுவா பக்கம்?'

மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஷாஹீனுக்குச் சுருக்கென்று தைத்தது. மனுஷன் கேட்பது நியாயம்தானே.

அன்றே கோடு போட்டாள். சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அதன் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் எல்லாமே வெளியூர். நெய்வேலிக்கான கோட்டை அங்கேயே இழுத்துவிட்டாள்.

இப்போது அந்தக் கோட்டுக்குள் ஒருவர்கூட இல்லை.

வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்ததில் லேப்டாப் தோளிலேயே தொங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து திறந்தாள். கோட்டை அழித்தாள். திட்டுகிறவர்கள் திட்டட்டும், அக்கா பிழைத்தால் போதும்.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. 'ஒருவர் வருகிறார்.'

யார், எந்த ஊர் என்று ஆப் காட்டாது. அதுவும் அவர்கள் வைத்த விதிதான்.

காத்திருந்தார்கள். சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வெளியே வரிசையாகப் போயின. முனவராவின் உதடுகள் துஆ ஓதுவதை நிறுத்தவே இல்லை. ஷாஹீன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரத்த வங்கி எங்கே என்று அவளிடமே கேட்டார். ஷாஹீன் கூடவே ஓடினாள்.

அங்கிருந்த நர்ஸ் அவர் பெயரைக் கேட்டார்.

"கொளஞ்சிநாதன்."

ஷாஹீனுக்கு முகம் சுட்டது. அடுத்த நொடியே கண் நிறைந்துவிட்டது. அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவள், வேறு எதையோ கேட்டாள்.

"ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களாண்ணா?"

அவர் சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டார்.

"இல்லம்மா, பக்கத்துலதான். பண்ருட்டியில ஒரு பஸ்சு மாறிகினா வந்துடுது."