முகம் தெரிந்த கதவு

“மாமா, இது வீடா, ஜெயிலா?” என்று ஸ்ரீநாத் கத்தினான்.

“ரெண்டும் இல்லடா, அசோசியேஷன். எட்டு அடிச்சாச்சு, போய்ப் படு” என்று செக்ரட்டரி பார்த்தசாரதி அதைவிட உரக்கக் கத்தினார்.

பெஹாலாவில் அந்தக் குடியிருப்பின் வாசல் கதவு, முகம் பார்த்துத் திறக்கும். எட்டு மணிக்கு மேல், இருபத்தைந்து வயதுக்குக் கீழே எந்த முகத்துக்கும் திறக்காது. பாங்கில் பியூன்கூட மதிக்காத மேனேஜர், ரிடையரான பிறகு போட்ட சட்டம்.

எதிரே நின்ற புரட்சிப் படையின் லட்சணமும் சொல்லும்படி இல்லை. பாதிப் பேர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

அன்று விஜயதசமி. துர்க்கையை வழியனுப்பும் பெண்கள், வங்காள வழக்கப்படி, ஒருவர் முகத்தில் ஒருவர் சிந்தூர்க் குங்குமம் அப்பிக்கொள்ளும் நாள். குடியிருப்பே அப்பிக்கொண்டால் கிழடு எது, இளசு எது என்று கதவுக்குத் தெரியாது, யாருக்கும் திறக்காது, துர்க்கையும் உள்ளேயே மாட்டிக்கொள்வாள், செக்ரட்டரி கதவைக் கழற்றித்தான் ஆகவேண்டும். இது ஸ்ரீநாத்தின் மூளை. அப்படியே எல்லோரும் அப்பிக்கொண்டு நின்றார்கள்.

செக்ரட்டரியின் மகள் தீப்தி இருவருக்கும் நடுவில் நின்றாள். அவளுக்கும் ஸ்ரீநாத்துக்கும் என்ன என்பது அவள் அப்பாவைத் தவிர எல்லா மாடிக்கும் தெரியும்.

கத்தியதில் ஸ்ரீநாத்துக்கு வியர்த்துவிட்டது. சட்டையை இழுத்து, சிந்தூர் போக முகத்தை அழுந்தத் துடைத்தான். தலைவன் அல்லவா, முகம் பளிச்சென்று இருக்க வேண்டாமா.

கதவு அந்த முகத்தைப் பார்த்தது. திறந்தது.

டாக் மேளம் கொட்டியவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. கமிட்டியின் ஆளாக இல்லாவிட்டால் கதவு ஏன் திறக்கிறது?

பார்த்தசாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும், அவன் தானே வைத்த உளவாளி என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டார்.

ஸ்ரீநாத் தீப்தியை மட்டும் ஒரு தடவை பார்த்தான்.

அவள் முகம் வெளுத்ததைச் சிந்தூர் மறைத்துவிட்டது.

“துரோகி” என்று முதலில் சொன்னவள் அவள்தான். மற்றவர்கள் பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

தீபாவளிக்கு முன்பே ஸ்ரீநாத்தின் குடும்பம் ஹவுராவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போயிற்று.

தையில் தீப்திக்குக் கல்யாணம். பெங்களூர் மாப்பிள்ளை. அவர் வந்துபோக வசதியாக, அவர் படத்தை அப்பாவின் போனில் ஏற்றிக் கதவுக்குப் பழக்கியவள் தீப்திதான். அப்பாவுக்கு அதெல்லாம் வராது.

ஒரு நொடியில் முடித்தாள். முதல் தடவை, அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது, எட்டுக்கு மேல் எக் ரோல் தின்னச் சேர்ந்து போவதற்காக, வயதைக் கூட்டிப் போட்டு ஸ்ரீநாத்தின் படத்தை ஏற்றினாளே, அப்போதுதான் பத்து நிமிஷம் பிடித்தது.