அழ ஒரு வெளிச்சம்

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியின் மஞ்சள் விளக்கின் கீழ் யாருக்கும் சோர்வு வராது, துக்கமும் வராது. அக்கா இறந்துவிட்டாள் என்று போன் வந்தபோது கோகிலவாணி "சரி" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த காலரைத் தைத்து முடித்தாள். பிறகு சூப்பர்வைசர் மாரப்பனிடம் போனாள்.

"எங்கக்கா போயிட்டாங்கண்ணா. எனக்கு அழுகையே வரமாட்டேங்குது. வெளக்கக் கொஞ்சம் அணைங்க."

"ஹாஸ்டலுக்குப் போயி அழும்மா."

"அங்கயும் இதே வெளக்குத்தானுங்களே! அக்கா மொகத்தப் பாக்கக் காஞ்ச கண்ணோடயா போறது?"

மாரப்பன் தயங்கி, சுவிட்சை அணைத்தார். ஜன்னல் வழியே வெறும் பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. கோகிலவாணி அழுவதற்குள் மாரப்பன் விம்மினார்.

"போன மாசம் எம்பொண்டாட்டி செத்தப்ப நானும் அழவேயில்லம்மா. எங்க வீட்டுலயும் இதே வெளக்குத்தான்."

அவரைத் தேற்றத் தேற்ற அவளுக்கும் கண்ணீர் வழிந்தது.