விமலநாத நயினாரின் காது மிஷின்

சபாபதி ஊக்கு முனையால் துளைக்குள் நோண்டினான். ஒரு துணுக்குப் பஞ்சு வெளியே வந்தது.

காது மிஷின் பேசாமல் போனதற்குக் காரணம் அதுதான். சட்டைப் பையில் வைக்கிற, சத்தத்தை வாங்குகிற பெட்டி நன்றாக இருந்தது. காதில் மாட்டுகிற குமிழ், ஒயர், பேட்டரிக் கட்டை, எதிலும் கோளாறு இல்லை. ஒயரின் பின்னைச் சொருகும் துளையில்தான் அடைப்பு. பின் பாதியிலேயே நின்றுவிட்டதால் குமிழ் என்று ஒன்று இருப்பதே பெட்டிக்குத் தெரியவில்லை.

காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டு ரேடியோவைத் திறந்தால் பட்டு நூல் தூசி கொட்டும். அது சகஜம். இது விளக்குத் திரிக்கு முறுக்கிய பஞ்சு. தானாகப் போய் உட்காருகிற சரக்கு இல்லை.

கூடத்தில் பாயின்மேல் கண்ணை மூடிக் கிடந்தார் விமலநாத நயினார். கூரம் கிராமத்து ஜைனக் குடும்பத்துப் பெரியவர். சோற்றை நிறுத்திவிட்டார். நிலம், வீடு, பிள்ளைகள், எல்லாவற்றையும் விட்டேன் என்று சாமி முன்னால் சொல்லிவிட்டு, சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தார். சல்லேகனை என்பார்கள். அவர்கள் வழக்கம் அது. அந்த நேரத்தில் மனசு எதிலும் போய் ஒட்டக்கூடாது, மந்திரத்தில் மட்டும் நிற்கவேண்டும்.

டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சபாபதியை மூத்த மகன் தர்மதாஸ் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு வந்ததே அதற்காகத்தான்.

"மிஷின் இல்லன்னா இடி இடிச்சாலும் அவருக்குக் கேக்காதுபா. போற உசுரு மந்திரத்தைக் கேட்டுக்கினு போவணும். எப்டியாவது பேச வெச்சுடு," என்று வழியெல்லாம் கெஞ்சினான்.

இளையவன் பாகுபலி வாசலிலேயே காத்து நின்றான். இந்தக் காலத்தில் இப்படியும் பிள்ளைகளா என்று சபாபதிக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஊர்ப் பெரியவர்களை அழைத்து வருகிறோம் என்று இப்போது இருவரும் ஓடியிருக்கிறார்கள். மந்திரம் சொல்லத்தான் இருக்கும்.

மகள் குணமாலாவைத்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். அப்பாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். சாகக் கிடக்கிற மனுஷனிடம் என்ன விளையாட்டோ. அவளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. தட்டு நிறையத் திரி.

சபாபதி தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, இது உன் வேலையா?"

அவள் மறைக்கவில்லை. "அண்ணே, ரிப்பேர் ஆவாதுன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"பெத்த அப்பன் காதுல மந்திரம் விழக்கூடாதுன்றியா?"

"அவரு நிம்மதியாப் போவட்டும்ணே."

சபாபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ எல்லாம் ஒரு பொண்ணாம்மா," என்று சொல்லியே விட்டான். துளையைத் துடைத்து, பின்னை அழுத்தினான். குமிழ் கீச்சென்றது.

மகன்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு உள்ளே வந்தார்கள். சபாபதி பெருமையாகக் குமிழைக் கிழவரின் காதில் மாட்டினான். இமைகள் அசைந்தன.

தர்மதாஸ் பெட்டியைத் தன் வாயருகே பிடித்தான்.

"அப்பா, பெரிய மனுஷங்க சாட்சிக்கு வந்திருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லிடு. கெணத்து மேட்டு நெலம் எனக்குத்தானே?"

பாகுபலி பெட்டியைப் பிடுங்கினான். "அவனுக்குக் குடுத்தது பத்தாதா? எனக்குன்னு சொல்லுப்பா. சொல்லாம போனீன்னா ரெண்டு பேரும் கோர்ட்டுலதான் நிப்போம், பாத்துக்க."

மூடியிருந்த கண்கள் திறந்தன. எல்லாவற்றையும் விட்டேன் என்று சொன்னவர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் கோணியது. கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக் குமிழ்வரை ஓடியது.

இந்தப் பாவத்தை அவர் காதில் கொண்டுபோய் மாட்டியது தன் கைதான் என்று சபாபதிக்கு உறைத்தது.

"குடுங்க. சத்தம் கரகரன்னு வருது, சரி பண்றேன்," என்று பெட்டியை வாங்கினான். முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். பின்னை உருவிவிட்டு, துளைக்குள் திருப்புளியை விட்டு அழுத்தி ஒரு திருகு. உள்ளே பித்தளைப் பட்டை முறிந்தது கையில் தெரிந்தது.

"போயிடுச்சுங்க. இனிமே யாருகிட்ட குடுத்தாலும் ஆவாது."

"நல்லாப் பேசினதைக் கெடுத்துட்டியேடா. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு," என்று தர்மதாஸ் கத்தினான். வந்திருந்த பெரியவர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இனிமேல் இந்த ஊரிலிருந்து ஒரு ரேடியோகூட அவன் கடைக்கு வராது. சபாபதி சாமான்களைப் பைக்குள் போட்டான்.

குணமாலாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தலை குனிந்துகொண்டே அவளைக் கடந்தான். அதனால்தான் அவள் கையைப் பார்த்தான்.

அப்பாவின் உள்ளங்கையில் அவள் விரல் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கிழவரின் கண்கள் மூடியிருந்தன. அந்த விரலோடு சேர்ந்து அவர் உதடும் அசைந்தது.

சபாபதி நின்று பார்த்தான். ஓர் எழுத்து, அது முடிந்ததும் அடுத்த எழுத்து. அவன் வந்ததிலிருந்து அவள் அந்தக் கையில் எழுதிக்கொண்டிருந்தது மந்திரம்.