உரிக்காத வண்டி

“எப்படி இருக்கு? நானே வரைஞ்சேன்!”

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த பஸ் டிரைவர் அப்படியே நின்றுவிட்டார். சாப்பாட்டு மேஜை மேல் அவருடைய ரிமோட் கார். கூரை முழுக்க மஞ்சள் பூக்கள். முன்விளக்குகளுக்கு நீள நீளமாக இமைமுடி. பம்பரில் சிவப்பாக ஒரு ஜோடி உதடு.

பக்கத்தில் பிரஷ்ஷும் கையுமாக அவர் மனைவி. மூக்கு நுனியில்கூட மஞ்சள் பெயிண்ட்.

“என்னங்க, வாயைத் திறங்க. நல்லாயில்லையா?”

“நல்லா... ரொம்ப நல்லாயிருக்கும்மா.”

“நிஜமாவா?” அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். “வேற ஒண்ணும் சொல்லத் தோணலையா?”

“இதுக்கு மேல என்ன சொல்றது? அசத்திட்டே போ!”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, “ஐயோ, கடைக்கு நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டம் அள்ளும். போட்டியில ஜெயிச்சுட்டு வாங்க” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். போகும்போது உதட்டைக் கடித்துக்கொண்டே போனாள்.

டிரைவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பாவம் மனுஷன்! வாரம் பூராவும் பஸ்ஸை ஒழுங்காக நேரே ஓட்டுகிறவர், லீவு கிடைத்தால் இந்தப் பொம்மைக் காரைப் பக்கவாட்டில் வழுக்கவிடக் கிளம்பிவிடுவார். அதற்குப் பேர் ட்ரிஃப்டாம். அந்தக் காரின் மேல்கூடு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். அதற்குப் பெயிண்ட்டை உள்பக்கமாகத்தான் அடிக்க வேண்டும். வெளியே பிசிறு படாமலிருக்க மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும். கடைசியில் அதை உரித்தால்தான் உள்ளே அடித்த நிறம் ஜொலிக்கும். அதுவரைக்கும் வண்டி, குளிக்காத பிள்ளை மாதிரி அழுக்காகத்தான் தெரியும்.

இந்தத் தடவை உள்ளே மயில்கழுத்து நீலம் அடித்திருந்தார். ‘அழகான வண்டி’க்கான கோப்பையை எப்போதும் பல் டாக்டர்தான் தட்டிக்கொண்டு போவார். “இந்த வருஷம் அது நம்ம வீட்டு டிவி பக்கத்துலதான்” என்று டிரைவர் வீட்டில் சவால் விட்டிருந்தார். படலத்தைப் போட்டி மண்டபத்தில், எல்லாரும் பார்க்க உரிப்பதாகத் திட்டம்.

இவளோ அந்தப் படலத்தின் மேலேயே வரைந்து வைத்திருக்கிறாள். உரித்தால் பூ, இமை, உதடு எல்லாம் குப்பைக்கூடைக்குத்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்த வண்டியைத் தொட்டதே இல்லை. “இதுக்கு அடிக்கிற பெயிண்ட்டுல பாதியை பாத்ரூம் கதவுக்கு அடிச்சாலும் புண்ணியமாப் போகும்” என்று வாய் ஓயாமல் சொல்லுகிறவள். அப்படிப்பட்டவள் இன்றைக்குத் தானாகப் பிரஷ்ஷை எடுத்திருக்கிறாள். டிரைவர் வண்டியைப் பூ கலையாமல் அப்படியே பையில் எடுத்து வைத்தார்.

மண்டபத்தில் பல் டாக்டர்தான் முதலில் பார்த்தார்.

“என்ன டிரைவர், வண்டிக்கு அம்மை போட்டிருக்கா? படலத்தை உரிக்க மறந்துட்டீங்களே!”

“மறக்கல டாக்டர்.”

“நடுவர் அடுத்து உங்ககிட்டதான் வர்றார். இதோ, இந்த மூலையில மட்டும் பெயிண்ட் படல. நகத்தால தூக்கினா ஒரே இழுப்புல வந்துடும். நான் வேணா உரிக்கட்டுமா?”

“கை வச்சீங்க, அப்புறம் உங்க பல்லுக்கு நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டி வரும்!”

டாக்டர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “அட, ஏங்க?”

“வீட்டுக்காரி வரைஞ்சது.”

டாக்டர் குனிந்து அந்த உதட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக, “உரிச்சா அவங்களுக்குத் தெரியவா போகுது? உரிச்சதும் தூக்கிப் போட்டுட்டு, ஏதாவது சாக்கு சொல்லிக்கலாமே” என்றார்.

“எனக்குத் தெரியுமே டாக்டர்.”

நடுவர் வந்தார். உதட்டைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார். கோப்பை வழக்கம்போல் பல் டாக்டருக்கே போனது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்கே கோப்பை?”

“டாக்டருக்குத்தான்” என்றார் டிரைவர், செருப்பைக் கழற்றியபடி.

“ஏன்? நீலம் சரியா வரலையா?”

அவர் பையிலிருந்து காரை எடுத்து மேஜை மேல் வைத்தார். மஞ்சள் பூக்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“உரிக்கவே இல்லையா நீங்க?”

“உரிக்கிறதா? உரிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?” என்று திருட்டு முழி முழித்தார் டிரைவர்.

அவள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அட, என் அசட்டு மனுஷா! நீங்க ‘ஐயோ’ன்னு குதிப்பீங்க, உடனே உரிச்சுக் காட்டி உங்களைக் கேலி பண்ணலாம்னுதானே வரைஞ்சேன்! நீங்க நல்லாயிருக்குன்னதும், பதிலுக்கு நடிக்கிறீங்கன்னு நினைச்சேன். அங்க போய் உரிச்சிருப்பீங்கன்னு நான் இங்க கோப்பைக்கு இடம் ஒதுக்கி வச்சிருக்கேன்!”

டிரைவர் அசடு வழிய அந்த மூலையை உரிக்கப் போனார். அவள் பட்டென்று கையைத் தட்டிவிட்டாள்.

“தொடாதீங்க! இனிமே இது இப்படியேதான் இருக்கணும்.”

“சரி சரி. ஆனா, மேல படலம் ஒட்டியிருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?”

“நல்லாக் கேட்டீங்க போங்க!” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். “பொழுது விடிஞ்சா பொழுது போனா, கடையில உட்கார்ந்து ஊர்ல உள்ளவங்க செல்ஃபோனுக்கெல்லாம் ஸ்க்ரீன் கார்டு உரிச்சு ஒட்டறவகிட்டயா கேக்கறீங்க?”