லினக்ஸில் ஒரு லாரி

ஜன்னல் வெயில் லேப்டாப் திரையில் விழாதபடி சௌந்தர்யா துப்பட்டாவை விரித்துப் பிடித்திருக்கிறாள். பழைய லேப்டாப் என்பதால் அதில் லினக்ஸ்தான் ஓடுகிறது. விண்டோஸுக்காகச் செய்த லாரி விளையாட்டு இதில் திறக்குமா என்று மூன்று நாளாக அவளும் அப்பா சின்னண்ணனும் பார்க்கிறார்கள். லாரி டிரைவரான அவர், ஒரு விபத்துக்குப் பிறகு, இரண்டு வருடமாக லாரியில் ஏறவேயில்லை. கறுத்துக் கிடந்த திரை சட்டென்று வெளுக்கிறது, இன்ஜின் உறுமுகிறது. “ஏஞ்சாமி, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்குது?” “வெளிநாட்டு வண்டிங்கப்பா.” ஒற்றை விரலால் அவர் பொத்தானை அழுத்த, லாரி நகர்கிறது. முதல் நாற்சந்தியிலேயே நிறுத்திவிடுகிறார். “ரோட்டுல ஆருமே இல்லீங்கப்பா, போங்க.” “இரு சாமி, பார்த்துக்கறேன்.” கழுத்தைத் திருப்பி வலப்பக்கச் சுவரையும் இடப்பக்க ஜன்னலையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கிறார்.