சில்லிச் சட்டியும் நிலவறைக் கதவும்

ஹார்லன் சில்லிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினார்.

வாசலுக்கு மேலே, மாணவர் சங்கத்தின் பெயராக அதே மூன்று கிரேக்க எழுத்துகள். பெயிண்ட்தான் புதிது.

"அண்ணா வந்தாச்சு, தட்டை எடுங்கடா" என்று உள்ளே ஒருவன் குரல் கொடுத்தான். சங்கத்து மாணவர்கள் சேர்ந்து தங்கும் அந்த வீட்டில் பழைய ஆள், புது ஆள் எல்லாரும் அண்ணன் தம்பிதான். அறுபதைத் தாண்டினாலும் அண்ணாதான்.

சங்கத் தலைவன் கிராடி கையை நீட்டினான். சங்கத்தார் தங்களுக்குள் மட்டும் கொடுத்துக்கொள்ளும் ரகசியக் கைகுலுக்கல் அது. விரல்களை மடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு.

ஹார்லன் சட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "கை காலியா இல்லப்பா. சூடு வேற."

வருஷா வருஷம் இதே பதில்தான். சில்லியோடு வருகிற கிழவரை யார் துருவித் துருவி விசாரிக்கப் போகிறார்கள்?

நேராகப் போய், நிலவறைக் கதவை மறித்தாற்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

கீழே என்ன காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். புதிதாகச் சேரும் பையன் ஒவ்வொருவனுக்கும் ஒரு முழு விஸ்கி பாட்டில். இன்றைக்கே காலி செய்தால்தான் அவன் ஆம்பளை. நாளைக் காலையில் சத்தியம் வாங்கிக்கொண்டு, அந்தக் கைகுலுக்கலைச் சொல்லித் தருவார்கள். கல்லூரி தடை போட்டு வெகு காலமாகிறது. தடையை மதிப்பதாகக் கையெழுத்துப் போட்ட பேனா காய்வதற்குள் பாட்டில் வாங்கக் கிளம்பிவிடுவார்கள், புண்ணியவான்கள்.

ஹார்லன் வர ஆரம்பித்த பிறகு அந்தப் பாட்டில்கள் திறக்கப்பட்டதில்லை. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. மாட்டிறைச்சியும் பீன்ஸும் சேர்ந்து கொதித்த சில்லியை வயிறு முட்டத் தின்று, கூடவே இலவங்கப்பட்டை பன்னையும் தள்ளியவன் விஸ்கியைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அதற்கு மேல் ஹார்லன் சொல்லும் பழங்கதைகள் வேறு.

எதிர்ச் சங்கத்தின் கல் சிங்கத்துக்கு ரோஸ் பெயிண்ட் அடித்த கதை. ஹீட்டர் கெட்டுப்போன வாரம் எல்லாரும் சமையலறை அடுப்பைச் சுற்றிச் சுருண்டு படுத்த கதை. ஒரு பெண்ணின் ஜன்னலுக்குக் கீழே நின்று வேறொருத்தி பெயரைப் பாடி, ஒரு வாளித் தண்ணீரில் நனைந்து வந்த கதை.

சொல்லச் சொல்ல அவர் முகம் பையன் முகமாகிவிடும். அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏங்குவார். அதில் நடிப்பில்லை.

எல்லாம் ஒரே இலையுதிர் காலத்துக் கதைகள் என்பதை மட்டும் யாரும் கவனித்ததில்லை.

இந்த வருஷம் பையன்கள் அதிகம். சட்டி சீக்கிரமே காலியாகிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கண்ணா, கீழ எங்களுக்கு வேலை இருக்கு" என்று கிராடி வெறும் சட்டியை வாங்கி ஓரமாக வைத்தான். வழியனுப்பக் கையை நீட்டினான்.

ஹார்லனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கிராடிக்குப் பின்னால் புதுப் பையன்கள் எழுந்து நின்று நிலவறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மோவாயில் சில்லி ஒட்டியிருந்தது.

அவர் கை கொடுத்தார். சர்ச் வாசலில் கொடுப்பதுபோலச் சாதாரணமாக.

கிராடியின் விரல்கள் மடிந்து, காத்திருந்தன. பதிலுக்கு எதுவும் வரவில்லை.

"நீங்க எங்க ஆளே இல்லையே" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "யாரு நீங்க?"

அந்தக் கதைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தவை. நெப்ராஸ்காவின் ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில், ஒன்பதாம் வகுப்புப் பையன் தரையில் உட்கார்ந்து ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சிரித்த கதைகள். முதல் பனி விழுந்த வாரம் போன் வரவில்லை.

"டுவெயினோட தம்பி" என்றார் ஹார்லன். "சிங்கத்துக்குப் பெயிண்ட் அடிச்சது எங்கண்ணன்தான். இந்தக் கதவு வழியாத்தான் கீழ இறங்கினான், ஏறி வரல. கை குலுக்க அவனுக்கும் தெரியாதுப்பா. அதை நீங்க மறுநாள் காலையிலதானே சொல்லித் தருவீங்க."

கிராடி அவர் கையை உடனே விட்டுவிடவில்லை.

பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்து, நிலவறைக் கதவில் முதுகு படும்படி அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"எல்லாரும் உக்காருங்கடா" என்றான். "அண்ணா, அந்தச் சிங்கக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க."