ஜீப்பின் முன்சீட்டு

"நீ முன்னாடி போயி உக்காரு காளி" என்றாள் குருவம்மாள்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு, ஒன்றும் கிடையாது.

காளீஸ்வரி ஜீப்பைச் சுற்றிப்போய் டிரைவர் ஜக்கையன் பக்கத்தில் ஏறினாள். முன்சீட்டு என்றால் கங்காணி உட்காருகிற இடம். ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிற பெண்களெல்லாம் பின்னால்தான், முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு. முப்பது வருசமாக அவளுக்கும் பின்னால்தான் இடம், குருவம்மாளை ஒட்டி.

'தள்ளி வச்சுட்டாளுக' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி ஜீப்பு மலையேறியது. பின்னால் பதினோரு பேர். மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

இந்த ஜீப்பு இப்படியா போகும்? வளைவுக்கு ஒரு பாட்டு, அதற்கு ஒரு சிரிப்பு. எடுத்துக்கொடுக்கிறவள் காளீஸ்வரிதான். அதுவும் துரை பாட்டு. பத்தொன்பது வயசில் எஸ்டேட் பங்களாவுக்குத் தரை துடைக்கப் போனவள். மேனேஜர் சாயங்காலமானால் ரெக்கார்டு போட்டுக் கேட்பார். அந்த இங்கிலீஷ் பாட்டையெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டாள். வார்த்தை பாதிக்குமேல் தப்பு. இழுப்பும் குழைவும் மட்டும் அச்சாக இருக்கும்.

"தூக்கத்துல எந்திரிச்சவ பாடுற மாதிரியே இருக்குடி" என்பாள் குருவம்மாள். சொல்லிவிட்டு, "இன்னொருக்கா பாடு" என்பாள்.

அதற்குப் பெயர் ஜாஸ் என்று ஐம்பத்தாறு வயசில்தான் தெரிந்தது. மலைமேல் டூரிஸ்ட் ஓட்டல் ஒன்றில் கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே கழுவியதை, அங்கே பியானோ வாசிக்கிற ராஜ்கமல் கேட்டுவிட்டான். போடிக்காரப் பையன்.

"அக்கா, இதை யாருகிட்ட படிச்சீங்க?"

"தரை துடைச்சுப் படிச்சேன்."

நாலு மாசம் உட்காரவைத்து, வார்த்தைகளைத் தமிழில் எழுதிக்கொடுத்துப் பழக்கினான். ஏழு வாரமாகச் சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஓட்டலில் அவள்தான் பாட்டுக்காரி.

பிடித்தது சனியன். மற்ற நாளெல்லாம் பழையபடி பேசுகிறவர்கள், வெள்ளியும் சனியும் வந்தால் வாயே திறப்பதில்லை. இவள் பேச்சுக் கொடுத்தால் ஒரு 'ம்'. பாட்டெடுத்தால் "சும்மா வாடி" என்று குருவம்மாள் அதட்டுவாள். வெத்தலைப் பையைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. முப்பது வருசமாக இரண்டு பேருக்கும் ஒரே பைதான்.

"ஜக்கையா, எம்மேல எல்லாத்துக்கும் என்ன காந்தல்?"

"எனக்கென்னக்கா தெரியும், நான் வண்டி ஓட்டுறவன்." அடுத்த வளைவுக்குக் கியரை மாற்றினான்.

குடிக்கிறவர்கள் உட்காருகிற இடத்தில் போய்ப் பாடுகிறவள் என்ற அருவருப்பு. வேறென்ன?

சீசன் முழுக்க வாரா வாரம் பாட முடியுமா என்று ஓட்டல்காரர் கேட்டிருக்கிறார். இன்றைக்குச் சனிக்கிழமை, பதில் சொல்லியாக வேண்டும். மேடையேறி நின்றால் உடம்பே காற்றாகிவிடுகிறது, அது நிஜம். ஆனால் அங்கே கைதட்டுகிறவன் அடுத்த வாரம் எந்த ஊரிலோ. இவள் புருசன் செத்த வீட்டில் பதினாறு நாளும் சோலிக்குப் போகாமல் கூடக் கிடந்தவள் குருவம்மாள்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். காளீஸ்வரி நேராக அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"கேட்டுக்கங்க. நான் இனிமே பாடப் போகலை. இன்னைக்கே ஓட்டல்ல சொல்லிருவேன். பின்னாடி என் இடத்தைக் குடுங்க."

சிவரஞ்சனி கையிலிருந்த டீ பாதியில் நின்றது. கூட்டத்திலேயே சின்னவள் அவள்தான்.

"எதுக்குடி?" என்றாள் குருவம்மாள்.

"எதுக்கா? ஏழு வாரமா என்கிட்ட முகம் குடுத்துப் பேசுனீகளா? நான் என்ன கெட்டா போயிட்டேன்? ஒரு வெத்தலைக்குக்கூட ஆகாதவளாயிட்டேன்ல? பாட்டு வேணாம் தாயி. எனக்கு நீங்கதான் வேணும்."



பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிவரஞ்சனிதான் தாங்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

"ஐயோ அத்தே, பின்னாடி பனியும் தூசியும் அடிக்கும்ல, அதான் உங்களை முன்னாடி ஏத்துனோம். வெத்தலைச் சுண்ணாம்பு தொண்டையை அறுக்குமாம். அந்தப் பியானோ அண்ணன் சந்தையில வச்சு எங்ககிட்ட சொன்னாரு. பாடுறதுக்கு முத நாளே பேச்சைக் குறைக்கணும்னு உங்ககிட்டயும் சொல்லியிருக்காராமே?"

"சொன்னான்தான்" என்றாள் காளீஸ்வரி. "நான் எங்க கேட்டேன்?"

கொஞ்ச நேரம் எங்கே பார்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு குருவம்மாள் தோளில் ஒன்று வைத்தாள்.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடி?"

"சொன்னா, 'என்னையவா பேசாதங்கிற'ன்னு அதுக்கே பதினேழு வளைவுக்கும் பேசிக்கிட்டு வருவ" என்றாள் குருவம்மாள். "உன் வாயை மூட எங்களால ஆகாது. அதான், பதினோரு பேரும் எங்க வாயை மூடிக்கிட்டு வந்தோம்."